அந்த விடை எப்படி வந்தது?

(கல்வியியல் ஆய்வு மாணவர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பென்னி என்று ஒரு பையன். அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு படித்தவன், பன்னிரண்டு வயது. பத்தில் இரண்டு என்ற பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னால் 1.2 என்று எழுதுவான். பத்தில் ஐந்து என்றால் 1.5. மேலே இருக்கும் எண்ணையும் கீழே இருக்கும் எண்ணையும் கூட்டுவான், இடையில் ஒரு புள்ளி வைப்பான், முடிந்தது கணக்கு. பதினொன்றில் நான்கு அவனுக்கு 1.5, நான்கில் பதினொன்றும் 1.5தான். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்ற கேள்வி அவனைத் தொந்தரவு செய்யவே இல்லை. அவன் விதிப்படி இரண்டும் சரி.

கணக்கு வராத பையன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் பள்ளியில் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் வேகத்தில் பயிற்சித் தாள்களை முடிக்க வேண்டும். தேர்வில் எண்பது விழுக்காடு எடுத்தால் அடுத்த நிலைக்குப் போகலாம். அந்த ஏணியில் பென்னி மற்ற பலரைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றுதான் ஆசிரியரும் நினைத்தார். மதிப்பெண் பதிவேட்டை மட்டும் பார்த்த எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பென்னியின் இந்த விதியைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்லி எர்ல்வாங்கர். அப்போது இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர். இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களைப் போன்றவர். 1973இல் பென்னியைப் பற்றிய அவர் கட்டுரை வெளிவந்தது. அவர் செய்தது இவ்வளவுதான்: பையன் பக்கத்தில் உட்கார்ந்தார், கணக்கு கொடுத்தார், "இதை எப்படிப் போட்டாய்?" என்று கேட்டார். அவன் சொன்னதைத் திருத்தாமல் கேட்டுக்கொண்டார். பிறகு மேலும் ஒரு கணக்கு, மேலும் ஒரு கேள்வி. கணிதம் என்றால் யாரோ எப்போதோ வகுத்துவைத்த நூற்றுக்கணக்கான விதிகள் என்று பென்னி நம்பினான். தன் விடையும் விடைக்குறிப்பில் உள்ள விடையும் வேறாக இருந்தால், இரண்டும் ஒரே விடையின் இரண்டு வடிவங்கள், விடைக்குறிப்பில் ஒரு வடிவத்தைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று சமாதானம் கண்டான். பாதியை இரண்டில் ஒன்று என்றும் எழுதலாம், நான்கில் இரண்டு என்றும் எழுதலாம் அல்லவா? அந்த உண்மையை அவன் எங்கெங்கோ கொண்டுபோய்ப் பொருத்தியிருந்தான்.

ஒரே ஒரு பிள்ளை. கட்டுப்பாட்டுக் குழு இல்லை, புள்ளியியல் அட்டவணை இல்லை. ஐம்பது ஆண்டு கடந்தும் கணிதக் கல்வி படிக்கிறவர்கள் பென்னியைப் படிக்கிறார்கள். ஏன் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அதே 1973இல், அதே இல்லினாய் பல்கலைக்கழகத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் முனைவர் பட்டம் பெற்றார். ரோசலிண்ட் டிரைவர். பள்ளியில் இயற்பியல் கற்பித்தவர். வளரிளம் பருவப் பிள்ளைகள் அறிவியல் வகுப்புக்குள் நுழையும்போது தலைக்குள் என்னென்ன கருத்துகளோடு வருகிறார்கள் என்பது அவருடைய ஆய்வுப்பொருள். பின்னாளில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய பணி அறிவியல் கற்பித்தலின் திசையையே மாற்றியது. 1983இல் அவர் எழுதிய, மாணவரை ஓர் அறிவியலாளராகப் பார்க்கும் நூலில் டிம் என்கிற பதினோரு வயதுப் பையன் வருகிறான். கூட்டாளியோடு சேர்ந்து சுருள்வில்லில் எடையைத் தொங்கவிட்டு நீளத்தை அளந்துகொண்டிருக்கிறான். திடீரென்று, நிறுத்து என்கிறான். வில்லைக் கழற்றித் தாங்கியில் இன்னும் உயரத்தில் மாட்டுகிறான். மறுபடி அளக்கிறான். நீளம் மாறவில்லை என்று கண்டதும் பழைய வேலைக்குத் திரும்புகிறான்.

வகுப்பில் முப்பது பிள்ளைகளை மேய்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் பார்த்தால், பையன் விளையாடுகிறான் என்று அதட்டியிருப்பார். டிரைவர் கேட்டார். உயரத்திலிருந்து விழும் பொருள் பலமாக அடிக்கிறது. அப்படியானால் உயரே போகப் போகப் புவியீர்ப்பு கூடத்தானே வேண்டும் என்பது டிம்மின் எண்ணம். அந்த எண்ணத்தைச் சோதிக்கத்தான் அவன் வில்லைத் தூக்கி மாட்டினான். எண்ணம் தவறு. ஆனால் ஒரு கருதுகோளை உருவாக்கி, தானே ஒரு சோதனையை வடிவமைத்து, மற்றதை மாற்றாமல் உயரத்தை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கிறான். பாடநூலில் இருந்த செய்முறையைவிட அவன் செய்தது நல்ல அறிவியல். அந்த அரை நிமிடத்தைப் பார்க்க அங்கே ஒரு ஆள் இருந்தார் என்பதால்தான் அது இன்று நமக்குத் தெரிகிறது.

பாரிசில் லாரன்ஸ் வியெனோ 1970களில் செய்த முனைவர் பட்ட ஆய்வும் இந்த வழியில் வந்ததுதான். மேல்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டிலும் பல்கலைக்கழகத்தின் தொடக்க ஆண்டுகளிலும் இருந்தவர்களிடம் விசை, இயக்கம் பற்றிக் கேட்டார். நியூட்டனின் விதிகளைப் படித்து, தேர்வும் எழுதியவர்கள். மேலே எறியப்பட்ட பந்து உயரே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மீது என்ன விசை இருக்கிறது என்றால், மேல்நோக்கி ஒரு விசை இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். கை கொடுத்த விசை பந்துக்குள் இருப்பதாகவும் அது மெல்ல மெல்லத் தீர்ந்து போவதாகவும் நினைத்தார்கள். நம் பதினோராம் வகுப்பு இயற்பியல் ஆசிரியர்கள் நாளைக்கே இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் விதியைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

இப்போது நம் ஆய்வேடுகளுக்கு வருகிறேன். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கியது. 2015இல் எம்.எட். இரண்டாண்டுப் படிப்பு ஆனது. ஒவ்வோர் ஆண்டும் நம் கல்லூரிகளிலிருந்து கல்வியியல் ஆய்வேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஷோத்கங்கா தளத்தில் எவரும் திறந்து படிக்கலாம். உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். பகலில் பள்ளி வேலை, இரவில் ஆய்வு, இடையில் வீடு என்று எழுதியவர்கள் பலர். ஆனால் தலைப்புகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒரு புதிய கற்பித்தல் முறை. அது ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கணித அடைவில், அல்லது அறிவியல் அடைவில் ஏற்படுத்தும் விளைவு. இல்லையென்றால் ஒரு மனப்பான்மை அளவுகோல், சில நூறு மாணவர்கள், பிறகு ஆண் பெண், நகரம் கிராமம், அரசுப் பள்ளி தனியார் பள்ளி, பெற்றோர் படிப்பு என்று வகுத்து வகுத்து அட்டவணை.

எப்போதும் ஏன் ஒன்பதாம் வகுப்பு? பத்தாம் வகுப்பைப் பொதுத்தேர்வு காரணமாக எந்தத் தலைமையாசிரியரும் விட்டுக்கொடுப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் பக்கமே போக முடியாது. ஆக ஒன்பதாம் வகுப்புதான் பி.எட். பயிற்சி மாணவருக்கும், எம்.எட். ஆய்வாளருக்கும், முனைவர் பட்ட ஆய்வாளருக்கும் கிடைக்கிறது. அந்தப் பிள்ளைகள் வினாத்தாள் நிரப்பியே களைத்திருப்பார்கள். நம் கல்வியியல் அறிவின் பெரும்பகுதி ஒன்பதாம் வகுப்பு பற்றியதாக இருப்பதற்குக் கல்வியியல் காரணம் எதுவும் கிடையாது, அனுமதி அங்கேதான் கிடைக்கிறது என்பதைத் தவிர.

சோதனை ஆய்வையே எடுத்துக்கொள்வோம். ஒரே பள்ளியில் ஏ பிரிவு, பி பிரிவு. ஒன்று சோதனைக் குழு, மற்றது கட்டுப்பாட்டுக் குழு. முன்தேர்வு வைத்து, சில வாரம் கற்பித்து, பின்தேர்வு வைத்து, டி மதிப்புக் கண்டு, 0.05 மட்டத்தில் வேறுபாடு உண்டு என்று எழுதி முடிக்கிறோம். புதிய முறையில் படித்தவர்கள் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள். இப்படி முடியாத ஆய்வேட்டை நீங்கள் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? எந்த முறையைக் கொண்டுபோனாலும் வெற்றி என்றால், அளவுகோலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காரணங்கள் தெரிந்தவைதான். புதிதாக ஒருவர் வருகிறார், படமும் அட்டையும் கணினியும் கொண்டுவருகிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், பிள்ளைகள் உற்சாகமாகிறார்கள். முறைக்கு உரிய பங்கையும் அந்தக் கவனிப்புக்கு உரிய பங்கையும் யாராலும் பிரிக்க முடியாது. அரசுப் பள்ளிகளில் பல இடங்களில் ஏ பிரிவு ஆங்கில வழி, பி பிரிவு தமிழ் வழி. அப்படியிருக்க இரண்டையும் சம குழுக்கள் என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. டி சோதனை ஒவ்வொரு மாணவரையும் மற்றவரைச் சாராத தனிச் சான்றாக எண்ணுகிறது. ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம், ஒருவர் நோட்டை ஒருவர் பார்த்துப் படிக்கிற முப்பத்தைந்து பேர் முப்பத்தைந்து தனிச் சான்றுகள் ஆக மாட்டார்கள். உண்மையில் ஆய்வாளர் கையில் இருப்பவை இரண்டு வகுப்புகள். இரண்டை வைத்துக்கொண்டு எழுபது இருப்பதுபோலக் கணக்குப் போடுகிறோம். வாய்மொழித் தேர்வில் இதை யாராவது கேட்டால் ஆய்வு மாணவரைத்தான் குறை சொல்வார்கள். அந்த வார்ப்பைக் கையில் கொடுத்த நெறியாளர்களான நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பள்ளிகளை ஒப்பிட்ட ஒரு முனைவர் பட்ட ஆய்வை, எனக்கு மிகவும் பிடித்த ஆய்வை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜோ போலர், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1990களில் செய்தது. ஆம்பர் ஹில், ஃபீனிக்ஸ் பார்க் என்று இரண்டு பள்ளிகள். இவை அவர் வைத்த மாற்றுப்பெயர்கள். இரண்டிலும் பெரும்பாலும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், தொடக்கத்தில் கணிதத்தில் ஏறக்குறைய ஒரே நிலை. பதின்மூன்று வயதிலிருந்து பதினாறு வயதுவரை, மூன்று ஆண்டுகள், சுமார் 300 மாணவர்களைத் தொடர்ந்தார். வகுப்புகளில் உட்கார்ந்தார், பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் பேசினார், தேர்வும் வைத்தார், வினாப்பட்டியலும் கொடுத்தார். எண்ணும் இருந்தது, எண்ணுக்குப் பின்னால் இருந்ததும் கிடைத்தது.

ஆம்பர் ஹில் ஒழுங்கான பள்ளி. திறன்வாரியாகப் பிரித்த வகுப்புகள். ஆசிரியர் கரும்பலகையில் வழிமுறை காட்டுவார், பிள்ளைகள் பாடநூல் பயிற்சிகளைப் போடுவார்கள். கடுமையாக உழைத்தார்கள். நம் ஊர் பெற்றோர் பார்த்தால் உடனே சேர்த்துவிடுவார்கள். ஃபீனிக்ஸ் பார்க்கில் எல்லாத் திறனுள்ள பிள்ளைகளும் கலந்த வகுப்பு; பாடநூல் கிட்டத்தட்ட இல்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள 36 வேலித் துண்டுகள் ஒரு விவசாயியிடம் இருக்கின்றன, எவ்வளவு பெரிய நிலத்தை அடைக்க முடியும் என்பதுபோல ஒரு சிக்கலைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் விடுவார்கள். சதுரமாக அடைத்தால் 81 சதுர மீட்டர். வேறு வடிவங்களைப் போட்டுப் பார்க்கிறார்கள். கடைசியில் 36 பக்கமும் கொண்ட ஒழுங்கான உருவத்துக்குப் போகிறார்கள். ஏறத்தாழ 103 வருகிறது. ஆனால் அதைக் கணக்கிட உள்ளே இருக்கும் முக்கோணத்தின் உயரம் வேண்டும். அந்த இடத்தில் ஆசிரியர் முக்கோணவியலைச் சொல்லிக்கொடுக்கிறார். தேவை முதலில் வந்தது, பாடம் பின்னால் வந்தது.

போலர் இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு வீட்டின் வரைபடத்தையும் மாதிரியையும் கொடுத்தார். கட்டட விதிகளின்படி கூரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பகுதியில் கூரையின் கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்; வரைபடம் கையில் இருக்கிறது, கோணமானி வைத்து அளந்தால் போதும். ஆம்பர் ஹில்லின் முதல்தரப் பிரிவுப் பிள்ளைகள் பலர் அங்கே தடுமாறினார்கள். கோணம் என்ற சொல்லைப் பார்த்ததும் முக்கோணவியல் கேட்கிறார்கள் என்று முடிவுகட்டி, சைன், காஸ் என்று இறங்கிவிட்டார்கள். மூன்று ஆண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்ததால் அது ஏன் என்று போலரால் சொல்ல முடிந்தது: வினாவில் ஒரு துப்புச் சொல்லைத் தேடி, அதற்குரிய வழிமுறையை எடுத்துப் போடுவது என்பதுதான் அந்த வகுப்பறை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த கணிதம்.

பொதுத்தேர்வு என்ன ஆனது என்று நீங்கள் கேட்பீர்கள், நம் மண்ணில் அதுதானே கேள்வி. ஃபீனிக்ஸ் பார்க் பிள்ளைகள் தேர்வு நெருங்கியபோதுதான் தேர்வுப் பயிற்சி எடுத்தார்கள். தேர்ச்சியில் ஆம்பர் ஹில்லை முந்தினார்கள். ஆம்பர் ஹில்லில் பெண் பிள்ளைகள் பின்தங்கினார்கள், அதிலும் முதல்தரப் பிரிவின் வேகத்தில் அவர்கள் பட்ட பதற்றம் போலரின் பதிவுகளில் விரிவாக இருக்கிறது. ஃபீனிக்ஸ் பார்க்கில் அந்த ஆண் பெண் இடைவெளி இல்லை. பாலினம் என்று ஓர் அட்டவணை போட்டு "குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு" என்று நிறுத்தியிருந்தால் இது கிடைத்திருக்குமா? ஒரு பள்ளியில் இருக்கும் வேறுபாடு இன்னொரு பள்ளியில் இல்லை என்னும்போது, அது பெண் பிள்ளைகளின் இயல்பு என்று சொல்லும் வாயை அந்த ஆய்வு அடைத்துவிட்டது. உண்மையில் அதற்காகவே நான் அதை மாணவிகளிடம் படிக்கச் சொல்கிறேன்.

போலரின் முடிவுகளை நம் ஊரில் அப்படியே நட்டுவிடலாம் என்று நினைக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை வேறு, தேர்வு வேறு, ஆசிரியரின் சுமை வேறு. நமக்குத் தேவைப்படுவது அந்த உட்காருதல்.

நம் உயர்நிலை வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்தால் என்ன கேட்கும்? ஆசிரியர் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார்: "தாவரங்கள் உணவு தயாரிப்பதற்கு ஒளிச்…" வகுப்பு முழுக்க, "சேர்க்கை!" "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்!" இந்தக் கூட்டுக் குரல் நம் கற்பித்தலின் மிக முக்கியமான கருவி. நாள் முழுக்க ஒலிக்கிறது. யார் சொன்னார்கள், யார் வாயை மட்டும் அசைத்தார்கள், கடைசி வரிசையில் யார் அரை நொடி தாமதமாகச் சேர்ந்துகொண்டார்கள் என்று கவனித்து எழுத ஒருவர் வேண்டும். அந்தக் குரலால் பிள்ளைகளுக்கு நன்மையும் இருக்கலாம். தனியாகப் பேசக் கூசுகிறவருக்கு அது ஒரு மறைவிடம். தெரிந்துகொள்ளாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மனப்பாடம் என்றாலே முகம் சுளிக்கிறோம். பத்மா சாரங்கபாணி டெல்லிக்கு அருகே ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் இருந்து செய்த முனைவர் பட்ட ஆய்வு (2003இல் நூலாக வந்தது) அந்த வகுப்பறைக்குள் அறிவு என்று எது கருதப்படுகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தது. தொடக்கப்பள்ளி ஆய்வுதான். ஆனாலும் இந்திய வகுப்பறையை ஏளனமில்லாமல் எப்படிப் பார்ப்பது என்று கற்க, நம் ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது.

அமெரிக்காவில் மேரி பட் ரோ, வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து ஒரு சின்ன விஷயத்தை அளந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? சராசரியாக ஒரு நொடி. அதற்குள் விடை வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்பார், அல்லது வேறு பிள்ளையை எழுப்புவார். அதை மூன்று நொடியாக ஆக்கியபோது விடைகள் நீண்டன. விடையே சொல்லாமல் நிற்பது குறைந்தது. மெதுவான பிள்ளைகள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பேசினார்கள். பிள்ளைகள் கேள்வியும் கேட்டார்கள். 1970களிலேயே வெளிவந்த ஆய்வு. செலவு இல்லை, கருவி இல்லை, திட்டம் இல்லை. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடவேளையில் அந்த நேரம் எவ்வளவு என்று ஒரு கைப்பேசி ஒலிப்பதிவை வைத்தே எம்.எட். மாணவர் ஒருவர் அளந்துவிடலாம். தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர், பிள்ளைகள் எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கிவிட்டு.

ஒப்புதல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதத்தோடு போனால் பள்ளிக் கதவு திறக்கும். அந்தக் கடிதம் பிள்ளைகளின் சார்பில் எழுதப்பட்டதல்ல. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு "எனக்குப் பேச விருப்பம் இல்லை" என்று சொல்ல இடம் கொடுக்க வேண்டும். ஆசிரியருக்கும் அப்படியே. அவர் வகுப்பில் பார்த்ததை அவருக்கு எதிரான சாட்சியமாக எழுதினால், அடுத்த ஆய்வாளருக்கு அந்தக் கதவு திறக்காது, திறக்கவும் கூடாது.

அப்புறம் மொழி. பிள்ளை தமிழில் யோசிக்கிறது, தமிழில் தவறுகிறது. ஆய்வேட்டில் அது மொழிபெயர்ந்து, மெருகேறி, "மாணவர்க்குக் கருத்தில் தெளிவின்மை காணப்பட்டது" என்று ஆகிவிடுகிறது. எர்ல்வாங்கர் பென்னியின் பேச்சை அவன் பேசியபடியே தந்ததால்தான் அந்தக் கட்டுரை உயிரோடு இருக்கிறது. ஆய்வேடு எந்த மொழியில் இருந்தாலும், பிள்ளை சொன்ன வரியை அதன் வட்டார வழக்கு மாறாமல் தமிழிலேயே பதிந்துவையுங்கள். தென்காசிப் பிள்ளை சொன்னது தென்காசித் தமிழிலேயே இருக்கட்டும். இருபது ஆண்டு கழித்து வேறொருவர் அதை எடுத்து, நீங்கள் பார்க்காத ஒன்றைப் பார்ப்பார். அட்டவணையில் அடங்கிப்போன விடையை யாராலும் மறுபடி திறக்க முடியாது.

உங்களிடம் இருக்கும் பெரிய வளம் நேரம். பாடம் நடத்தும் ஆசிரியருக்குப் பாடவேளை நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். வருகைப்பதிவும் நோட்டுத் திருத்தமும் போக ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அதிகாரிக்குப் பார்வையிட அரைநாள். ஒரு பிள்ளையிடம் முழுதாக ஒரு மணி நேரம் ஒரே கணக்கைப் பற்றிப் பேச இந்தக் கல்வித்துறையில் வேறு யாருக்கும் வாய்ப்பில்லை. ஆய்வு மாணவருக்கு மட்டும் இருக்கிறது. அதை வினாத்தாள் அச்சடிப்பதிலும் ஊர் ஊராகப் போய் நிரப்பி வாங்குவதிலும் செலவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

நான் படிக்க ஆசைப்படும் ஆய்வேடுகள் சிலவற்றைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து ஒன்பதில் ஆங்கில வழிக்கு மாறிய ஐந்து பிள்ளைகள், ஓர் ஆண்டு முழுக்க அறிவியல் பாடத்தை எந்த மொழியில் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? குறை எண்களைக் கழிக்கும்போது ஏழாம் வகுப்பில் வந்த பிழை பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் என்ன உருவம் எடுக்கிறது? பொதுத்தேர்வு விடைத்தாளில் நூற்றுக்கு முப்பத்தைந்தைத் தொட்டுத் தேறிய பிள்ளைக்கு உண்மையில் எது தெரியும்? உரைநூலைப் படித்துவிட்டுச் செய்யுள் வினாவுக்கு விடை எழுதும் பிள்ளை, செய்யுளை எப்போதாவது படித்ததா? தனிப்பயிற்சியில் ஒரு வழிமுறையும் பள்ளியில் ஒரு வழிமுறையும் சொல்லிக்கொடுத்தால், பிள்ளை தேர்வறையில் எதை எடுக்கிறது, ஏன்?

இவற்றில் ஒன்றை எடுத்துச் செய்தால், முடித்தபின் அந்தப் பள்ளிக்கே திரும்பிப் போங்கள். நான்கு பக்கத்தில், தமிழில், அந்த ஆசிரியர்கள் படிக்கும்படி எழுதிக்கொடுங்கள். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் "கல்வியியல் உட்கிடைகள்" என்று எழுதுகிறோமே, அதை முதலில் அவர்களிடம் படித்துக்காட்டி, அவர்கள் மறுத்துச் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள். நெறியாளர்கள் மறுக்கக் கூடாது. மறுத்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆசிரியர்கள் முதலில் கேட்கட்டும்.